பத்தொன்பதாம் சேனலுக்கு ஏஎம் போதும்

ஸ்ரீராம்புரம்,
பெங்களூரு – 560021.
9.11.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. உங்கம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறாள். நீ ஸ்கேனரில் பிடித்து அனுப்பிய வாட்ஸ்அப் பதிவை ஸ்பீக்கரில் போட்டேன். உன் அத்தை ரெண்டு நிமிஷம் நின்று கேட்டுவிட்டு, "இதைக் கேட்கத்தான் புள்ள காசு கொடுத்து மிஷின் வாங்கியிருக்கானா?" என்று கேட்டாள். அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும், அதனால்தான் கடிதம்.

முதலில் மனசு ஆறுதலுக்கு ஒன்று: ஸ்கேனர் கெடவில்லை. நீ ஓட்டுகிற லாரியில் இருக்கிற சிபி (மக்கள் பட்டை) செட்டில், லாரிக்காரர்கள் பேசிக்கொள்கிற பத்தொன்பதாம் சேனல் நன்றாகக் கேட்கிறது, அதே 27.185 மெகாஹெர்ட்ஸை ஸ்கேனரில் போட்டால் கரகரப்புதான் என்கிறாய். உன் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். யாரோ மைக் பட்டனை அழுத்துகிற கணத்தில் பின்னால் இருக்கிற இரைச்சல் சட்டென்று அடங்குகிறது. அடங்கின இடத்தில் பேச்சு வர வேண்டும், வரவில்லை. தொலைவில் யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு கீறல். உரக்கப் பேசும்போது மட்டும் ரெண்டு எழுத்து தெறிக்கிறது. பட்டனை விட்டதும் மறுபடி இரைச்சல். ரேடியோ ரிப்பேர் கடையில் உட்கார்ந்தவனுக்கு இது போதும். அலை வந்து சேர்கிறது, செட் அதைப் பிடித்தும் விடுகிறது, ஆனால் அதிலிருந்து குரலைத் தப்பான வழியில் எடுக்கப் பார்க்கிறது. ஸ்கேனர் எஃப்எம் மோடில் இருக்கிறது. ஆள் பேசுவது ஏஎம்மில்.

நீ கேட்பாய், "எஃப்எம்தானே மாமா நல்ல குவாலிட்டி? அதனால்தான் அதில் வைத்தேன்" என்று. அங்கேதான் விஷயம் இருக்கிறது.

நம்ம தெருக்கோடி அம்மன் கோயில் திருவிழாவில் நாகஸ்வரம் கேட்டிருப்பாய். வித்வான் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு, ஸ்தானம் அசையாமல், சத்தத்தை மட்டும் ஏற்றி இறக்கி ஊதுகிறார் என்று வை. அது ஏஎம். இன்னொரு வித்வான் சத்தத்தைக் கூட்டாமல் குறைக்காமல் ஸ்வரத்தை மட்டும் மேலும் கீழும் அசைக்கிறார், கமகம். அது எஃப்எம். குரல் என்பது அந்த ஏற்ற இறக்கத்துக்குள்ளோ அந்த அசைவுக்குள்ளோதான் ஒளிந்திருக்கிறது. இப்போது சத்தத்தை மட்டுமே கவனிக்கிற ஒரு காது இருந்தால், கமகத்தைக் கேட்டுவிட்டு "ஒரே மாதிரிதானே ஊதுகிறார், இதில் என்ன இருக்கிறது?" என்று சொல்லும். அசைவை மட்டுமே கவனிக்கிற காது முதல் வித்வானைக் கேட்டு அதையே சொல்லும். ரெண்டு பேரும் நன்றாகத்தான் வாசித்தார்கள். கேட்ட காதுதான் மாறிப்போச்சு. ஸ்கேனரில் இருக்கிற மோட் பட்டன் எந்தக் காதை வைத்துக் கேட்பது என்று தேர்ந்தெடுக்கிறதே தவிர, குரலை மெருகேற்றுவது அதன் வேலை இல்லை.

செட்டுக்கு உள்ளே பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். எஃப்எம் பக்கத்தில் லிமிட்டர் என்று ஒரு கட்டம் உண்டு. வருகிற அலையின் உயரத்தையெல்லாம் அது ஒரே மட்டத்துக்கு வெட்டிவிடும். மின்னல், மோட்டார், பிளக் தீப்பொறி எல்லாம் அலையின் உயரத்தைத்தான் கலைக்கின்றன. அதை வெட்டினால் இரைச்சல் போய்விடும் என்பது கணக்கு. ஆனால் ஏஎம்மில் ஆளுடைய பேச்சே அந்த உயரத்தில்தான் இருக்கிறது. இரைச்சலோடு சேர்த்துப் பேச்சையும் வெட்டிப் போட்டால் உனக்கு மிச்சம் கீறல்தானே வரும்? ஏஎம் பக்கம் அப்படி ஒன்றும் கிடையாது. அந்தக் காலத்து டிரான்சிஸ்டர் செட்டில் 455 கிலோஹெர்ட்ஸ் ஐஎஃப் காயில் முடிகிற இடத்தில் ஓஏ79 என்று கண்ணாடிக் கூட்டில் ஒரு சின்ன டயோடு இருக்கும். அலையின் ஒரு பாதியை விட்டு மறுபாதியைக் கடத்தும், பக்கத்துக் கண்டன்சர் மிச்சத்தை வடிகட்டும், குரல் வந்துவிடும். எவ்வளவு எளிமை பார். இலங்கை வானொலி வர்த்தக சேவையில் பாட்டு கேட்டு வளர்ந்த எங்கள் தலைமுறை முழுக்க அந்த டயோடு வழியாகத்தான் கேட்டது.

எஃப்எம் என்றால் தெளிவு, ஏஎம் என்றால் பழசு என்கிற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். இந்தியாவில் முதல் எஃப்எம் ஒலிபரப்பு 1977 ஜூலை 23-ஆம் தேதி சென்னையில் தொடங்கியது. நம்ம ஊரில் அது வெகுஜனமானது 2001 ஜூலையில், ரேடியோ சிட்டி வந்தபோது. நாட்டின் முதல் தனியார் எஃப்எம் அதுதான். அதற்குப் பிறகு கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் "எஃப்எம் வருமா?" என்றுதான் கேட்டார்கள். மீடியம் வேவில் 612-இல் ஆகாசவாணி பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தது, கேட்க ஆளில்லை.

ஆனால் அந்தத் தெளிவு சும்மா வந்ததில்லை மாப்ளே. இடத்தை வாரிக் கொடுத்து வாங்கின தெளிவு. ஒரு எஃப்எம் நிலையம் தன் அலையை ரெண்டு பக்கமும் 75 கிலோஹெர்ட்ஸ் வரை அசைக்கிறது. பெங்களூரில் 91.1, 91.9, 92.7, 93.5 என்று நிலையங்களை 800 கிலோஹெர்ட்ஸ் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறார்கள். உங்கள் ஊர்ச் சிபியைப் பார். முதல் சேனல் 26.965, நாற்பதாவது 27.405. மொத்த நாற்பதும் 440 கிலோஹெர்ட்ஸுக்குள் முடிந்துவிட்டது! இங்கே ரெண்டு பாட்டு நிலையங்களுக்கு நடுவே விட்டிருக்கிற தூரத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அந்த இடுக்கில் ஒரு சேனலுக்குப் பத்து கிலோஹெர்ட்ஸ்தான் கிடைக்கும். அதற்குள் எஃப்எம் போட்டால் அசைவு ரெண்டு கிலோஹெர்ட்ஸ் அளவில்தான். ரேடியோ சிட்டி மாதிரி கேட்கும் என்று எதிர்பார்க்காதே.

அதனால் ஸ்கேனரில் ஏஎம் பக்கத்தில் ரெண்டு எஃப்எம் இருக்கும். அகல எஃப்எம் 88-லிருந்து 108 வரை பாட்டு நிலையங்களுக்கு. குறுகின எஃப்எம் பேச்சுக்கு: ரயில்வே, கப்பல், தீயணைப்பு, கடையில் விற்கிற சின்ன வாக்கி டாக்கி எல்லாம் அதுதான். மிஷிகன் பக்கம் போகும்போது 162.400-லிருந்து 162.550 வரை அமெரிக்க வானிலை அறிவிப்பு ஓயாமல் ஓடும். அதுவும் குறுகின எஃப்எம்தான். சிபியும் விமானமும் ஏஎம். உன் வேலைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

தொழிற்சாலையிலிருந்து வரும்போதே எந்த அலைவரிசைக்கு எந்த மோட் என்று ஸ்கேனருக்குள் ஒரு பட்டியல் இருக்கும். ஆட்டோ என்று விட்டுவிட்டால், 27.185 என்று நீ அடித்த உடனே அதுவே ஏஎம்முக்குப் போய்விடும். அமெரிக்காவில் நிறையப் பேர் வைத்திருக்கிற யூனிடன் பிசி125ஏடி அப்படித்தான். உன்னுடையது பழைய செட். முன்னால் வைத்திருந்தவர் மெமரியில் ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனியாக மோட் போட்டு வைத்திருப்பார், அது அப்படியே கிடக்கும். அதனால் ஒரு சேனலில் மாற்றிவிட்டு எல்லாம் மாறிவிட்டது என்று நினைக்காதே. நாற்பதையும் ஒவ்வொன்றாகப் பார், அல்லது மெமரியை மொத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்று. ஒன்பதாம் சேனல் 27.065, அவசரத்துக்கு வைத்தது. அதையும் முதலிலேயே போட்டு வை.

ஏஎம்மில் வைத்த பிறகும் சிலது கரகரக்கும். அதற்கு நீ பொறுப்பில்லை. உங்கள் லாரிக்காரர்களில் சில பேர் மைக்கை முழுக்க ஏற்றி, எக்கோ போட்டு, வாய்க்குள் வைத்துக் கத்துகிறார்கள். அனுப்புகிற இடத்திலேயே கிழிந்துபோன குரலை எந்த மோடும் தைத்துக் கொடுக்காது. பக்கத்தில் நிற்கிற வண்டிக்காரன் பேசும்போது மட்டும் கிழிகிறது என்றால் உன் ஸ்கேனரின் முன்பகுதி மூச்சுத் திணறுகிறது. ஆண்டெனாவைக் கழற்றிவிட்டுக் கேள், சரியாக இருக்கும். 36-லிருந்து 40 வரை உள்ள சேனல்களில், முக்கியமாக 38-இல், வாத்து பேசுகிற மாதிரி வந்தால் அது ஒற்றைப் பக்கப்பட்டை, எஸ்எஸ்பி என்பார்கள். ஏஎம் எஃப்எம் ரெண்டுமே அதற்கு உதவாது. அதற்கு வேறு செட் வேண்டும், விட்டுவிடு.

ஓடுகிற லாரிக்குள் வைத்துக் கேட்கப் போகிறாய் என்றால் இன்னொரு தொந்தரவு. ஆல்டர்னேட்டர் சீறல், வைப்பர் மோட்டார் எல்லாம் ஏஎம்மில் அப்படியே உள்ளே வரும். சிபி செட்டில் அதை அடக்க ஒரு ஸ்விட்ச் இருக்கும், கைக்கு அடக்கமான ஸ்கேனரில் பெரும்பாலும் இருக்காது. அந்தச் சீறலைப் பார்த்துப் பயந்துதான் நீ எஃப்எம்முக்கு மாற்றியிருப்பாய் என்று நினைக்கிறேன். சீறல் போச்சு, கூடவே பேச்சும் போச்சு. அதோடு, ஸ்கேனரோடு கொடுக்கிற அந்தக் கறுப்பு ரப்பர் ஆண்டெனா 27-க்குப் பத்தாது. பதினொரு மீட்டர் அலை அது, கால் பங்கு எடுத்தாலே ரெண்டே முக்கால் மீட்டர். உங்கள் ஊரில் லாரிக்குப் பின்னால் ஆடிக்கொண்டே போகுமே 102 அங்குல எஃகுக் கம்பி, அது சும்மா அழகுக்கு வைத்தது இல்லை.

சிபி என்றாலே ஏஎம் என்று மனப்பாடமும் பண்ணிக்கொள்ளாதே. நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் 1981 நவம்பர் 2-ஆம் தேதி சிபியைச் சட்டப்படி அனுமதித்தபோது எஃப்எம் மட்டும்தான் என்றார்கள். 27.60125-லிருந்து 27.99125 வரை, அமெரிக்கப் பட்டியலோடு ஒட்டாத தனி நாற்பது சேனல். ஏஎம் அலை பக்கத்து வீட்டு ஆம்ப்ளிஃபையருக்குள் புகுந்தால், அதில் இருக்கிற டிரான்சிஸ்டரே அந்தப் பழைய டயோடு வேலையைச் செய்து, யாரோ ஒருவர் பேச்சை ஸ்பீக்கரில் கேட்க வைத்துவிடும். எஃப்எம்மின் உயரம் மாறாது, அதனால் அந்த வம்பு குறைவு. அங்கே ஏஎம்முக்கு 2014 வரை அனுமதி கிடைக்கவில்லை. ஆஸ்திரேலியாவிலோ லாரிக்காரர்கள் 27-ஐ விட்டுவிட்டு 477 பக்கம் போய்விட்டார்கள், அது முழுக்க எஃப்எம். சாலைப் பேச்சு அங்கே நாற்பதாம் சேனலில். அமெரிக்கா எஃப்எம்முக்கு மெதுவாகத்தான் வந்தது. 1958-லிருந்து 27 மெகாஹெர்ட்ஸில் சிபி இருக்கிறது, 1977-இல் 23 சேனல் 40 ஆனது, எஃப்எம்முக்குப் பச்சைக்கொடி 2021-இல்தான். இப்போது வருகிற புதுச் செட்டுகளில் ஏஎம், எஃப்எம் ரெண்டுக்கும் ஸ்விட்ச் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் பத்தொன்பதில் ஆட்கள் ஏஎம்மில்தான் இருக்கிறார்கள். எல்லார் வண்டியிலும் இருக்கிற பழைய செட்டுக்குக் கேட்க வேண்டுமே! நீ மட்டும் எஃப்எம்மில் பேசினால் மற்றவர்களுக்கு, நீ எனக்கு அனுப்பிய பதிவு மாதிரிதான் கேட்கும்.

வேறு சேனலில் யாராவது எஃப்எம்மில் பேசி, உன் ஸ்கேனர் ஏஎம்மில் இருந்தால் என்ன ஆகும்? குரல் மந்தமாக, அடைத்துக்கொண்டு வரும். அப்போது ஐந்து கிலோஹெர்ட்ஸ் தள்ளி வைத்துப் பார். தெளிந்துவிடும். அலை அசையும்போது ஃபில்டரின் சரிவில் ஏறி இறங்குகிறது, அசைவு உயரமாக மாறிவிடுகிறது, ஏஎம் காது அதைப் பிடித்துக்கொள்கிறது. பழைய மெக்கானிக்குகளுக்கு இது தெரிந்த வித்தைதான். எதிர்த்திசையில், அதாவது எஃப்எம்மில் வைத்துக்கொண்டு ஏஎம்மைக் கேட்பதற்கு, இப்படி நம்பிக்கையான குறுக்கு வழி கிடையாது. சந்தேகம் வந்தால் ஏஎம்மில் தொடங்கு என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

விமானம் ஏன் இன்னும் ஏஎம்மில் இருக்கிறது என்று போன மாதம் கேட்டாயே. பதில் கொஞ்சம் பயங்கரமானது. எஃப்எம்மில் ரெண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் பலமான அலை மற்றதை விழுங்கிவிடும். விழுங்கியது யாருக்கும் தெரியவே தெரியாது. ஏஎம்மில் ரெண்டும் மோதிக் கீச்சென்று ஒரு விசில் வரும். என்ன பேசினார்கள் என்று புரியாவிட்டாலும், இன்னொருவர் பேசினார் என்பதாவது தெரியும். 1977 மார்ச் 27, டெனரிஃப் தீவு. பனிமூட்டத்தில் ஒரே ஓடுபாதையில் கேஎல்எம், பான் ஆம், ரெண்டு ஜம்போக்கள். கட்டுப்பாட்டு அறை கேஎல்எம்மைப் பொறுத்திருக்கச் சொன்ன அதே நேரத்தில், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பான் ஆம் சொன்னது. கேஎல்எம் விமானிகளின் காதில் விழுந்தது சில நொடி விசில். 583 பேர் இறந்தார்கள். அந்த விசில் அன்றைக்கு யாரையும் காப்பாற்றவில்லை, உண்மைதான். ஆனால் "யாரோ குறுக்கே பேசினார்கள், திரும்பக் கேள்" என்பதற்கு அதுதான் மணி. எஃப்எம்மில் அந்த மணிகூட அடிக்காது. உன் சாலையிலும் அதே கதைதான். பத்தொன்பதில் விசில் கேட்டால் யாரோ ரெண்டு பேர் ஒன்றாகப் பேசியிருக்கிறார்கள். முன்னால் விபத்து என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கலாம். திரும்பச் சொல்லச் சொல்லிக் கேள்.

நான் எப்படிக் கேட்கிறேன் என்று சொல்லவில்லையே. எஸ்.பி. ரோட்டில் வாங்கின டிவி டாங்கிள்தான். கட்டைவிரல் அளவு இருக்கும், மருமகளுடைய பழைய லேப்டாப்பில் சொருகினால் 24 மெகாஹெர்ட்ஸிலிருந்து மேலே கேட்கலாம். மாடியில் துணி காயப்போடுகிற கம்பிக்குப் பக்கத்தில் ஒன்பதடி ஒயர் கட்டியிருக்கிறேன். இதில் பெரிய லாபம், மோடைக் கண்ணாலேயே பார்க்கலாம். திரையில் அலைகள் மேலிருந்து கீழே வழிந்துகொண்டே இருக்கும். ஏஎம் என்றால் நட்டநடுவே ஒரு கோடு அசையாமல் நிற்கும், அதற்கு ரெண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒரே அச்சில் குரல் சிதறும். ஆள் மூச்சு வாங்கும்போது சிதறல் போய்விடும், கோடு மட்டும் நிற்கும். எஃப்எம் என்றால் பேச ஆரம்பித்ததும் அந்த நடுக்கோடே கலைந்து பரவிவிடும். கடையில் எத்தனையோ வருஷம் காதால் மட்டும் செய்த வேலையை இந்த வயசில் கண்ணால் பார்க்கிறேன். உன் வீட்டிலும் ஒரு டாங்கிள் வாங்கிக்கொள். எந்தச் சேனல் எந்த மோட் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

ஸ்ரீராம்புரத்தில் 27-இல் என்ன கேட்கிறது என்று கேட்டால் நீ சிரிப்பாய். நம் நாட்டில் மக்கள் பட்டை என்று 2005-இல் லைசென்ஸ் இல்லாமல் விட்டது 26.957-லிருந்து 27.283 வரை. உங்கள் நாற்பதில் முதல் இருபத்தேழு சேனல்தான் இதற்குள் வரும். ஐந்து வாட்டுக்கு மேல் போகக்கூடாது, ஆண்டெனா செட்டோடு சேர்ந்தே இருக்க வேண்டும். ஆனால் இந்தப் பட்டை ஏற்கெனவே தொழிற்சாலைக்கும் வைத்தியத்துக்கும் உலகம் முழுக்க ஒதுக்கிக் கொடுத்த இடம், நடு எண் 27.12. பிளாஸ்டிக் ஷீட்டை ஒட்டுகிற ஆர்எஃப் வெல்டிங் மிஷின், பிசியோதெரபியில் முட்டிக்குச் சூடு வைக்கிற டயதெர்மி எல்லாம் அங்கேதான் ஓடுகின்றன. திரையில் 27.12 பக்கம் ஒரு தடித்த கோடு நெளிந்து நெளிந்து நகரும், ஏஎம்மில் வைத்தால் கம்மென்று மின்சாரத்தின் முனகல். உங்கம்மாவின் முட்டிக்கு வைத்தியம் பார்க்கிற மாதிரி மிஷினைத்தான் நான் உட்கார்ந்து கேட்கிறேன்! கூடவே பிள்ளைகளின் ரிமோட் கார், 27.145-இல் டிக் டிக் என்று. இந்தியக் குரல் ஒன்றுகூட நான் கேட்டதில்லை. இங்கே லாரிக்காரர்களுக்கு செல்போன் போதும். உனக்குப் பத்தொன்பதாம் சேனல் இருக்கிற மாதிரி இங்கே ஒன்று இல்லாமல் போனது, என்னைக் கேட்டால், நஷ்டம்தான். தும்கூர் ரோட்டில் முன்னால் என்ன ஜாம் என்பதை முன்னால் போகிறவன் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

ஆனால் சில பகல்களில் எல்லை தாண்டிய பேச்சு வருகிறது. சூரியனின் பதினோரு வருஷச் சுழற்சி 2024 வாக்கில் உச்சத்துக்கு வந்தது. அந்த மாதிரி நாட்களில் மேலே இருக்கிற அயனி மண்டலம் 27 மெகாஹெர்ட்ஸையும் திருப்பி அனுப்பிவிடும். நாலு வாட்டு கண்டம் தாண்டும். 27.135-இல் ரஷ்ய லாரிக்காரர்கள் ஏஎம்மில் பேசுகிறார்கள், பதினைந்தாம் சேனல்தான் அவர்களுக்குப் பத்தொன்பது. ஒரு வார்த்தை புரியாது. ஆனால் சலித்துப்போய்ப் பேசுகிறார்களா, சண்டை போடுகிறார்களா என்பது தொனியிலேயே தெரிகிறது. உன் அத்தைக்கு அதுவும் இரைச்சல்தான்.

இனிமேல்தான் முக்கியமான சங்கதி. பொங்கலுக்கு வரும்போது இந்த ஸ்கேனரை எனக்குப் பரிசாகக் கொண்டுவருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். மனசு நிறைந்தது, ஆனால் வேண்டாம். 1933-ஆம் வருஷத்துக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், அனுமதி இல்லாமல் வயர்லெஸ் கருவியை வைத்திருப்பதையே குற்றம் என்று சொன்னது. நாங்கள் சாதாரணப் பாட்டு ரேடியோவுக்கே போஸ்ட் ஆபீஸில் வருஷா வருஷம் பணம் கட்டி, லைசென்ஸ் புத்தகத்தில் ஸ்டாம்ப் ஒட்டி வாங்கினவர்கள். எண்பதுகளில்தான் அது ஒழிந்தது. 2023-இல் புதுத் தொலைத்தொடர்புச் சட்டம் வந்திருக்கிறது, வயர்லெஸ் கருவிக்கு அனுமதி வேண்டும் என்கிற எண்ணம் அதிலும் அப்படியேதான். 2025 மே மாதம் ஆன்லைனில் வாக்கி டாக்கி விற்பதற்கே தனி விதிமுறை போட்டார்கள். 2005-இல் கொடுத்த விலக்கு அந்தச் சின்னப் பட்டைக்கும் ஐந்து வாட்டுக் கருவிக்கும்தான். போலீஸ், விமானம் என்று எல்லாவற்றையும் துழாவுகிற ஸ்கேனருக்கு அது குடையாகாது. லாரியில் இருக்கிற சிபி செட்டும் அப்படித்தான். 28-லிருந்து 40 வரை நம் பட்டைக்கு வெளியே போய்விடுகிறது, வெளி ஆண்டெனா வேறு. கெம்பேகவுடா ஏர்போர்ட்டில் சுங்கத்துக்காரர் எடுத்து வைத்துக்கொண்டு "இது என்ன?" என்று கேட்டால், "மாமாவுக்கு ரஷ்ய லாரிக்காரர் பேச்சு கேட்க" என்று நீ சொல்லி நிற்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது, அவருக்கு வராது.

அதனால் செட்டை அங்கேயே உன் ரூமில் வைத்துவிட்டு வா. இந்தக் கடிதம் கிடைத்ததும் மோடை ஏஎம்முக்கு மாற்றி, 401 நெடுஞ்சாலையில் போகும்போது பத்தொன்பதாம் சேனலில் ரெண்டு நிமிஷம் பதிவு பண்ணி அனுப்பு. வண்டியை நிறுத்தின பிறகு பட்டனைத் தொடு, ஓட்டும்போது வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு மறக்காமல் போன் பண்ணு. எனக்கு ஏதாவது கொண்டுவர வேண்டும் என்றால் நல்ல ஹெட்போன் ஒன்று போதும், அதற்கு லைசென்ஸ் கிடையாது.

அன்புடன்,
உன் மாமா